விண்ணின் குடையும் உழவனின் மண்ணும்

(தசலட்சணப் பருவத்தின் ஆறாம் நாளாகிய உத்தம சம்யம நாளன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முக்குடைக் கீழ் அமர்ந்த அருகப் பெருமானின் திருவடிகளை வணங்குகிறேன்.

பத்து அறங்களுள் இன்று நாம் போற்றுவது உத்தம சம்யமம். அதனை நம் ஆசாரியர்கள் இரண்டாகப் பகுத்துள்ளனர். ஆறு வகைக் காய ஜீவன்களையும் காத்தல் பிராணி சம்யமம். ஐம்பொறிகளையும் மனத்தையும் அடக்குதல் இந்திரிய சம்யமம். இவ்விரண்டும் தனித்தனியே நிற்பன அல்ல. நாவை அடக்காதவன் உயிர்களைக் காக்க இயலாது. இந்த உண்மையை ஒரு பூச்சிக்கொல்லியின் வரலாற்றின் வழியாகக் காண்பதே இன்றைய உரையின் நோக்கம். அறவிழாவில் பூச்சிக்கொல்லிக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். நாம் உழவர் குலம் என்பதை நினைவில் கொண்டால் அந்த ஐயம் நீங்கும்.

ஆதிபகவன் இவ்வுலகினர்க்குக் கற்பித்த ஆறு தொழில்களில் உழவும் ஒன்று. தொண்டை நாட்டுத் தமிழ்ச் சமணர்களில் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக நிலத்தை நம்பி வாழ்ந்தவர்கள். ஆயினும் நம் இளைஞர்களிடையே ஒரு வினா அடிக்கடி எழுகிறது. 'ஏர் பூட்டினால் மண்புழு அறுபடுகிறது. மருந்து தெளித்தால் எண்ணற்ற பூச்சிகள் மடிகின்றன. கொல்லாமையே தலையாய அறம் என்றால், நாம் நிலத்தை விற்றுவிட்டு நகரத்தில் வேலை தேடுவதன்றோ முறை?' என்கின்றனர்.

இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிடலாகாது. இம்சையை நம் நூல்கள் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காகப் பகுக்கின்றன. கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கல்பி. இதனை இல்லறத்தான் முற்றாக விலக்க வேண்டும். உழவு போன்ற தொழிலில் தவிர்க்க இயலாது நேர்வது உத்யோகி. இதனை அவன் எச்சரிக்கையால் குறைத்துக்கொண்டே வர வேண்டும். நிலத்தை விற்றவனும் சோறு உண்ணத்தான் செய்வான். பிறர் உழுத நிலத்தின் விளைவை விலைக்கு வாங்கி உண்பதால் வினை நீங்கிவிடாது. தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் ஆகிய மூன்று வாயிலாகவும் வினை வந்து சேரும் என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். ஆகவே எத்தகைய உழவு என்பதே நாம் ஆராய வேண்டிய பொருள்.

இனி, நான் சொல்லவந்த நஞ்சைப் பற்றிக் கூறுகிறேன். அதன் பெயர் மெத்தில் புரோமைடு. நிறமற்றது, பயன்படுத்தும் அளவில் மணமும் அற்றது. நான்கு பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்து ஆவியாகிவிடுவதால், எளிதில் வாயுவாகப் பரவும். சென்ற நூற்றாண்டின் முப்பதுகளில் இதன் பூச்சி கொல்லும் ஆற்றல் அறியப்பட்டது. அதன்பின் தானியக் கிடங்குகளிலும், கப்பல்களிலும், மாவு ஆலைகளிலும் இதனைக் கொண்டு புகையூட்டினர். மிகுதியாகப் பயன்பட்டதோ மண்ணில்தான். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஸ்ட்ராபெர்ரி, புளோரிடாவில் தக்காளி, மத்தியதரைக் கடல் நாடுகளில் காய்கறிகளும் பூக்களும், பிரேசிலிலும் சிம்பாப்வேயிலும் புகையிலை நாற்றங்கால்கள் என இதன் ஆட்சி பரவியது.

செய்முறை இது. நடவுக்கு முன், டிராக்டரில் பொருத்திய கூரிய கொழுக்களின் வழியே இந்த வாயுவை மண்ணுக்குள் செலுத்துவர். உடனே நிலம் முழுவதையும் பாலித்தீன் விரிப்பால் மூடுவர். சில நாட்கள் கழித்து விரிப்பை நீக்கினால், நூற்புழு, பூஞ்சை, களை விதை, வேர்ப்பூச்சி எதுவும் அங்கே எஞ்சியிராது. அவற்றோடு பயிருக்கு எத்தீங்கும் செய்யாத மண்புழுவும், எறும்பும், வேருக்கு உணவூட்டும் நன்மைப் பூஞ்சைகளும் மடிந்திருக்கும். ஒரு தேக்கரண்டி மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்று அறிவியல் கூறுகிறது. மண்ணையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களும், மண்ணுள் வாழும் ஈரறிவு, மூவறிவு உயிர்களும் உண்டு என்று நம் ஆகமம் கூறுகிறது. ஒரு நூற்புழுவைத் தடுப்பதற்காக ஓர் உலகத்தையே அழிக்கும் இச்செயலை உத்யோகி இம்சை என்று சொல்லித் தேற்றிக்கொள்ள முடியுமா? பயிரைக் காக்கும் எண்ணம் அங்கே இருந்தது உண்மை. எச்சரிக்கை இல்லை என்பதும் உண்மை. எச்சரிக்கையின்மையாகிய பிரமாதமே இம்சையின் வேர் என்று நம் ஆசாரியர்கள் வற்புறுத்தியதை இங்கே நினைவுகூர வேண்டும்.

இந்நஞ்சு மனிதனையும் விட்டுவைப்பதில்லை. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் இது, மணமற்றதாகையால் முன்னறிவிப்பின்றி வந்து சேரும். அதனாலேயே கண்ணீர் வரவழைக்கும் குளோரோபிக்ரின் என்னும் பொருளை இதனுடன் கலந்து எச்சரிக்கைக் குறியாகப் பயன்படுத்தினர். 2015ஆம் ஆண்டில் அமெரிக்க விர்ஜின் தீவுகளில் ஒரு விடுமுறை இல்லத்தின் கீழ்த்தளத்தில் விதிமுறைக்கு மாறாக இந்த வாயு பயன்படுத்தப்பட்டது. மேல்தளத்தில் தங்கியிருந்த ஒரு குடும்பத்தினர் நால்வரும் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர்.

மண்ணில் செலுத்திய வாயு மண்ணோடு நின்றதா? இல்லை. அதில் பெரும் பங்கு விரிப்பின் வழியாகவும், விரிப்பை நீக்கிய பின்னும் வளிமண்டலத்தில் கலந்தது. அவ்வாறு கலந்ததில் ஒரு பகுதி மேலெழுந்து ஓசோன் படலத்தை அடைந்தது. தரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் பரவியுள்ள ஓசோன், கதிரவனின் புற ஊதாக் கதிர்களை வடிகட்டி உயிர்க்குலத்தைக் காக்கும் குடையாகும். அக்குடை மெலிந்தால் மனிதர்க்குத் தோல் புற்றுநோயும் கண்புரையும் மிகும். பயிர்களும் கடலின் நுண்ணிய மிதவை உயிர்களும் தாக்குறும்.

குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்கள் இக்குடையைச் சிதைக்கும் என 1974ஆம் ஆண்டில் மோலினா, ரோலண்டு என்னும் அறிஞர் இருவர் எச்சரித்தனர். 1985ஆம் ஆண்டில் பிரிட்டன் நாட்டு ஆய்வாளர்கள், அண்டார்டிகாவின் மேல் வசந்த காலத்தில் ஓசோன் பெரிதும் குறைவதைக் கண்டு வெளியிட்டனர். இரண்டே ஆண்டுகளில், 1987 செப்டம்பர் 16ஆம் நாள், மான்ட்ரியல் நகரில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. அந்நாளே இன்று உலக ஓசோன் நாளாகப் போற்றப்படுகிறது. நம் தசலட்சணப் பருவத்தை ஒட்டியே அந்நாள் வருவது எனக்கு மகிழ்ச்சி தரும் ஒற்றுமை.

மெத்தில் புரோமைடு அந்த முதல் பட்டியலில் இல்லை. அதிலுள்ள புரோமின் அணு, ஓசோனை அழிப்பதில் குளோரின் அணுவைவிட ஏறத்தாழ அறுபது மடங்கு வல்லமை உடையது என்பது தெளிவான பின்னர், 1992ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் கூடிய நாடுகள் இதனையும் பட்டியலில் சேர்த்தன. அப்போது வளர்ந்த நாடுகள் மட்டும் ஆண்டொன்றுக்கு 56,000 டன் அளவில் இதனைப் பயன்படுத்திவந்தன. 1997ஆம் ஆண்டில் கால அட்டவணை உறுதியாயிற்று. வளர்ந்த நாடுகள் 1999இல் கால் பங்கும், 2001இல் பாதியும், 2003இல் நூற்றுக்கு எழுபது பங்கும் குறைத்து, 2005இல் முற்றிலும் கைவிட வேண்டும். வளரும் நாடுகள் 2005இல் ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, 2015இல் முற்றிலும் கைவிட வேண்டும்.

அன்பர்களே, நாம் நாள்தோறும் செய்ய வேண்டிய ஆவசியகங்களை இங்கே எண்ணிப் பாருங்கள். செய்த குற்றத்தை ஒளிக்காமல் எடுத்துரைத்தல் ஆலோசனை. அக்குற்றத்திலிருந்து திரும்பி வருதல் பிரதிக்கிரமணம். இனிச் செய்யேன் என உறுதி பூணுதல் பிரத்தியாக்கியானம். அறிவியலார் உண்மையை எடுத்துரைத்ததும், நாடுகள் படிப்படியாகத் திரும்பி வந்ததும், நாள் குறித்து விலக்கியதும் இம்மூன்றையும் ஒத்திருக்கின்றன. முற்றிலும் ஒரே நாளில் துறக்க இயலாத இல்லறத்தான் படிப்படியாக ஏறுவதற்குப் பதினோரு படிநிலைகளை வகுத்த மரபு நம்முடையது. கால் பங்கு, பாதி, எழுபது பங்கு, முழுமை என்னும் ஏற்றத்தின் அருமை நமக்கு நன்கு விளங்கும்.

இவ்வேற்றம் எளிதாக நிகழ்ந்துவிடவில்லை. இந்த வாயு இல்லையேல் ஸ்ட்ராபெர்ரியும் தக்காளியும் பயிரிடவே இயலாது எனப் பெரும் பண்ணையாளர்கள் வாதிட்டனர். உடன்படிக்கையிலேயே 'இன்றியமையாத பயன்பாடு' என்னும் விலக்கு இருந்தது. அதனைக் கொண்டு அமெரிக்கா 2005க்குப் பின்னும் பல்லாண்டுகள் இதனைத் தொடர்ந்து, ஆண்டுதோறும் குறைத்து, 2016ஆம் ஆண்டோடுதான் ஸ்ட்ராபெர்ரி வயல்களுக்கான விலக்கை முடித்துக்கொண்டது. மறுபுறம், நெதர்லாந்து நாடு உலக உடன்படிக்கைக்குக் காத்திராமலே 1992ஆம் ஆண்டளவில் மண்ணில் இதன் பயன்பாட்டை நிறுத்திவிட்டது. நிலத்தடி நீரில் புரோமைடு சேர்வதைக் கண்டு அந்நாடு எடுத்த முடிவு அது. பசுமைக்குடில் விளைச்சலில் அந்நாடு இன்றும் முன்னணியில் உள்ளது. இயலாது என்று கூறப்பட்டதை ஒரு சிறிய நாடு செய்து காட்டிவிட்டது.

எவ்வாறு செய்தனர் என்பது உழவர்களாகிய நமக்குப் பயன்படும். முதலாவது, மண்ணையே தவிர்த்து வேறு ஊடகத்தில் பயிரிடுதல். அதற்கு உலகெங்கும் பயன்படுவனவற்றுள் தென்னை நார்க்கழிவும் ஒன்று. பொள்ளாச்சிப் பகுதியிலிருந்து கப்பலேறும் நார்க்கழிவுக் கட்டிகள் அயல்நாட்டுப் பசுமைக்குடில்களில் செடிகளைத் தாங்கி நிற்கின்றன. இரண்டாவது, ஒட்டுக் கட்டுதல். ஜப்பானியரும் கொரியரும் தர்பூசணியைச் சுரையின் வேர்ச்செடி மேல் ஒட்டி, மண்ணிலுள்ள நோயைக் கொல்லாமலே அதற்கு இரையாகாமல் தப்பினர். நம் மாநிலத்திலும் கத்தரியைச் சுண்டைச் செடியின் மேல் ஒட்டிப் பயிரிடும் முறை பரவிவருகிறது. மூன்றாவது, வெயிலைப் பயன்படுத்துதல். இஸ்ரேல் நாட்டு அறிஞர்கள் 1970களில் முறைப்படுத்திய இம்முறையில், ஈரமான மண்ணை ஒளி ஊடுருவும் விரிப்பால் கோடையில் நான்கு முதல் ஆறு வாரம் மூடிவைப்பர். நான்காவது, தவிடு அல்லது வெல்லப்பாகைக் கலந்து நீர் பாய்ச்சி மூடிவைத்து, மண்ணில் நோய்க் கிருமிகளுக்குக் காற்று கிட்டாமல் செய்வது.

இவற்றுள் பின்னிரண்டும் சில உயிர்களைக் கொல்லத்தான் செய்கின்றன. அதனை மறைப்பது சத்தியம் ஆகாது. ஆனால் வெயிலில் மூடிய மண்ணில் வெப்பம் தாங்கும் உயிர்கள் பல பிழைத்திருக்கும். புழுக்கள் ஆழத்திற்கு இறங்கித் தப்ப வழியுண்டு. விண்ணின் குடைக்கும் பழுது நேராது. ஒட்டுக் கட்டுதலோ மண்ணில் வாழும் எதனையும் கொல்லாமலே பயிரைக் காக்கிறது. நம் அறம் வேண்டும் வரிசையும் இதுவே. கொல்லாது காக்கும் வழியை முதலில் தேடுக. அது கிட்டாதபோது குறைவாகத் தீங்கு செய்யும் வழியைத் தேர்க.

இவ்வரிசையை மறந்தவர்களுக்கு நேர்ந்ததையும் கூற வேண்டும். மெத்தில் புரோமைடுக்கு மாற்றாக மெத்தில் அயோடைடு என்னும் நஞ்சினை முன்வைத்தனர். அது ஓசோனைச் சிதைக்காது. ஆனால் புற்றுநோய் விளைவிக்கும் தன்மையுடையது என அறிவியலாளர் பலர் எச்சரித்தனர். அந்த எச்சரிக்கையை மீறி, 2010 டிசம்பரில் கலிபோர்னிய அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. மக்கள் எதிர்ப்பும் வழக்கும் எழ, 2012 மார்ச்சில் தயாரிப்பாளரே அதனை அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டனர். தானியக் கிடங்குகளிலும் கட்டடங்களிலும் மாற்றாக வந்த சல்ஃபியூரைல் புளோரைடு ஓசோனுக்குத் தீங்கு செய்யவில்லை. ஆயினும் புவியை வெப்பமாக்குவதில் கரியமிலவாயுவைவிடப் பல்லாயிரம் மடங்கு வல்லமை உடையது. ஒரு நஞ்சின் இடத்தில் இன்னொரு நஞ்சை அமர்த்துவது பிரதிக்கிரமணம் ஆகாது. கோபத்தை விட்டவன் வஞ்சனையைப் பற்றிக்கொண்டால் கஷாயம் நீங்கியதாகுமா?

இந்தியாவின் நிலையைக் காண்போம். நம் நாடு 1992இல் மான்ட்ரியல் உடன்படிக்கையிலும், 2003இல் கோபன்ஹேகன் திருத்தத்திலும் இணைந்தது. இங்கே வயல்களில் மெத்தில் புரோமைடு பரவலாகப் புழங்கியதில்லை. பயிற்சி பெற்றோர் மட்டுமே, அரசு வல்லுநர்களின் மேற்பார்வையில் கையாள வேண்டிய பொருள் அது. அப்படியாயின் நமக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எண்ணிவிட வேண்டாம்.

உடன்படிக்கை ஒரு பெரிய வாயிலைத் திறந்தே வைத்துள்ளது. நாடு விட்டு நாடு செல்லும் சரக்குகளோடு பூச்சிகள் பரவாமல் தடுக்கப் புகையூட்டுவதற்குக் குறைப்பும் இல்லை. இறுதி நாளும் இல்லை. அதனால் இன்றும் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ பத்தாயிரம் டன் மெத்தில் புரோமைடு மரக்கட்டைகள், தானியங்கள், பழங்கள் முதலியவற்றின் மேல் செலுத்தப்படுகிறது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணையின்படி, இறக்குமதியாகும் பருப்பு வகைகளுக்கு இந்த வாயுவால் புகையூட்டுதல் நிபந்தனையாக விதிக்கப்பட்டது. கனடா போன்ற நாடுகளோ அதனைக் கைவிடும் வழியில் இருந்தன. அங்குள்ள கடுங்குளிரில் அது சரிவரச் செயற்படுவதும் இல்லை. ஆகவே சரக்கு இந்தியத் துறைமுகத்தை அடைந்த பின் புகையூட்டிக்கொள்ளலாம் என விலக்கு அளிக்கப்பட்டு, அது பலமுறை நீட்டிக்கப்பட்டது. புலால் உண்ணாத நம் இல்லங்களில் பருப்பே முதன்மை உணவு. கடல் கடந்து வந்த பட்டாணியும் மைசூர்ப் பருப்பும் நம் அடுப்படியை அடைவதற்குள், நாம் அறியாமலே நம் பொருட்டு இந்த வாயு செலவாகியிருக்கக்கூடும். செய்வித்தல், உடன்படுதல் என்னும் சொற்களின் பொருள் இங்கே நம் வாயிற்படிக்கு வந்து நிற்கிறது.

தொற்றுத் தடுப்பே வேண்டாம் என்று நான் கூறவில்லை. அயல்நாட்டுப் பூச்சியொன்று புகுந்துவிட்டால், அதனை எதிர்க்க உழவர்கள் இன்னும் மிகுதியான நஞ்சை இறைக்க நேரும், இம்சை பெருகும். ஆனால் மாற்று உண்டு. ஏற்றுமதிக்கான மரப்பெட்டிகளை, மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் இருக்குமாறு சூடேற்றுதல் பன்னாட்டு விதிப்படியே ஏற்கப்பட்ட முறை. பழங்களுக்குக் குளிரூட்டலும், தானியங்களுக்குக் காற்றுப் புகாத சேமிப்பும் உள்ளன. நம்மில் ஏற்றுமதி, அரிசி ஆலை, மரவணிகம் ஆகிய தொழில்களில் இருப்போர், வாடிக்கையாளர் வேறு முறையை ஏற்பாரா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நஞ்சும் கருவியும் பிறர்க்கு வழங்குவதை அனர்த்த தண்டமாக நம் சிராவகாசார நூல்கள் விலக்குகின்றன. காரணமின்றி மண்ணைத் தோண்டுதல், நீரை வீணாக்குதல், காற்றைக் கலைத்தல் ஆகியவையும் அவ்விரதத்தில் அடங்கும். இரத்தின கரண்டக சிராவகாசாரத்தையும் அதன் தமிழ் வடிவமாகிய அருங்கலச்செப்பையும் ஓதும் நமக்கு இது புதிய செய்தியன்று.

இல்லத்தில் நாம் செய்யக்கூடியதும் உண்டு. பூச்சி தோன்றிய பின் கொல்வதைவிட, அது தோன்றாமல் காப்பதே நம் பாட்டிமார் கடைப்பிடித்த முறை. கோடை வெயிலில் தானியத்தை நன்கு உலர்த்துதல், துவரையைச் செம்மண் கட்டி வைத்தல், வேப்பிலையும் நொச்சியிலையும் இட்டுக் குதிரை மூடுதல், மாவைக் கெடு கடந்து வைத்துக்கொள்ளாமை, சமைக்குமுன் புடைத்துப் பார்த்தல் ஆகிய அனைத்தும் உயிர் பிறந்து மடியாமல் காக்கும் விரத ஒழுக்கங்கள். இன்றைய வேளாண் அறிவியல் ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்பு என்று கூறும் கொள்கையின் முதற்படியும் தடுப்பே ஆகும். நாற்றங்கால் வைத்துள்ளோர் சித்திரை வெயிலில் மண்ணை விரிப்பால் மூடும் முறையைச் சிறு பாத்தியில் செய்து பாருங்கள். நம் ஊரில் விளைந்த துவரையையும் உளுந்தையும் இயன்றவரை வாங்குங்கள். எப்பருவத்திலும் எல்லாப் பழமும் வேண்டும் என்று நாவு கேட்கும்போது, அக்கேள்வியின் மறுமுனையில் விரிப்பால் மூடிய ஒரு வயல் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்திரிய சம்யமம் பிராணி சம்யமத்தைக் காக்கும் என்று தொடக்கத்தில் கூறியதன் பொருள் இதுவே.

கைவிட்டதன் பயன் கிட்டியதா என்று கேட்பீர்கள். கடலும் காட்டுத்தீயும் சில தாவரங்களும் கூட இயற்கையாகவே மெத்தில் புரோமைடை வெளிவிடுகின்றன. ஆகவே அது காற்றில் முற்றிலும் மறையாது. ஆயினும் 1990களின் இறுதியில் காற்றின் இலட்சம் கோடிப் பங்கில் ஒன்பதுக்கும் மேலாக இருந்த அது, இன்று ஏழுக்கும் கீழே இறங்கிவிட்டது. வளிமண்டலத்தில் அதன் வாழ்நாள் ஓராண்டுக்கும் குறைவு என்பதால், மனிதன் கையை எடுத்தவுடனேயே விண் மறுமொழி கூறியது. பிற பொருள்களும் குறைந்து வருவதால், உலகின் பெரும்பகுதியில் 2040 அளவிலும், அண்டார்டிகாவின் மேல் 2066 அளவிலும் ஓசோன் படலம் 1980ஆம் ஆண்டின் நிலையை அடையும் என 2022ஆம் ஆண்டின் பன்னாட்டு மதிப்பீடு கூறுகிறது. இன்று இங்கே மடியில் அமர்ந்திருக்கும் குழந்தைகள் தம் நடுவயதில் அதனைக் காண்பார்கள்.

இன்னும் சில நாட்களில் க்ஷமாவணி வரும். எல்லா உயிர்களிடமும் மன்னிப்பு வேண்டுவோம். எல்லா உயிர்களையும் மன்னிப்போம். அப்போது கண்ணுக்குத் தெரியும் உறவினரை மட்டும் நினையாமல், நம் சோற்றுக்காக மண்ணுக்குள் மடிந்த உயிர்களையும் நினைப்போம். மன்னிப்பு வேண்டியவன் மீண்டும் அதே தவற்றைச் செய்யாதிருத்தலே அம்மன்னிப்புக்கு மதிப்பு. நிலத்தை விற்க வேண்டாம், இளைஞர்களே. ஆதிபகவன் கற்பித்த தொழிலை, அவர் காட்டிய எச்சரிக்கையோடு செய்யுங்கள். இவ்வாண்டு ஒரு நஞ்சையேனும் குறைப்பேன் என்று ஒவ்வோர் உழவுக் குடும்பமும் ஓர் அணுவிரதம் பூண்டால், இந்த உத்தம சம்யம நாள் பயனுடையதாகும்.

அறம் ஓங்குக, உயிர்கள் அனைத்தும் அச்சமின்றி வாழ்க. ஜெய் ஜினேந்திரா.